மிளகாய் இல்லாத கோழி

கல்யாணமாகி 2001இல் புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்கு வந்தவள் நான். பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில், ஐந்தாவது மாடியில் எங்கள் வீடு. வந்த நாளிலிருந்து பதினெட்டு வருஷம் என் அடுப்பில் பிரெஞ்சு சமையல் என்று ஒன்று ஏறியதே இல்லை. மீன் குழம்பு, ரசம், ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழிக் குழம்பும் வறுவலும். பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் போனால் முருங்கைக்காய் முதல் கறிவேப்பிலை வரை எல்லாம் கிடைக்கிறது. பிறகு எதற்கு வேறு சமையல்? "வெள்ளைக்காரங்க சாப்பாட்டுல உப்பும் இருக்காது, உறைப்பும் இருக்காது" என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு. அதைச் சொல்வதில் முதல் ஆள் என் மாமியார்.

அந்த மாமியாருக்காகவே நான் பிரெஞ்சுக்காரர்களின் கோழிச் சமையலைக் கற்றுக்கொள்ளும்படி ஆயிற்று.

மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகு அத்தை எங்களோடு வந்து இருந்துவிட்டார். 2019ஆம் வருஷம் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. வேறு எங்கும் பரவவில்லை, ரேடியேஷன் கொடுத்தால் சரியாகும் என்றார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம், மொத்தம் 35 தடவை. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து வாயும் தொண்டையும் புண்ணாகி, எச்சில் வற்றி, நாக்கில் ருசியே இல்லாமல் போய்விட்டது. ஒரு ஸ்பூன் ரசம் வைத்தேன். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டிற்று. "நெருப்பை முழுங்கற மாதிரி இருக்குதும்மா" என்றார். தயிர் சாதம்கூட அந்தப் புளிப்பில் எரிந்தது. கடைசியில் கஞ்சி, கஞ்சி, கஞ்சி! 58 கிலோ இருந்தவர் 49 கிலோவுக்கு வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் என்னை உட்கார வைத்துப் பேசினாள். காரம், புளிப்பு இரண்டும் கூடாது. கொதிக்கக் கொதிக்கத் தரக் கூடாது, வெதுவெதுப்பாக இருக்கட்டும். உலர்ந்ததாக இல்லாமல் சாறோடு, மெத்தென்று இருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. அந்தக் கொஞ்சத்துக்குள்ளேயே புரதமும் கொழுப்பும் அடங்க வேண்டும். வெண்ணெய், க்ரீம், முட்டைக் கருவெல்லாம் தாராளமாகச் சேர்க்கலாம். "இன்னும் 2 கிலோ குறைந்தால் வயிற்றில் குழாய் வைத்து ஆகாரம் கொடுக்க வேண்டியிருக்கும்" என்றாள். வெண்ணெய், நெய் என்றால் கொலஸ்ட்ரால் என்று பயந்து பயந்து பழகிய எனக்கு இது அதிசயமாக இருந்தது. அத்தைக்கோ குழாய் என்ற வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. "கொழாயெல்லாம் வாணாம். என்னை ஊருக்கு அனுப்பிச்சிடு, அங்கயே கண்ணை மூடறேன்" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

எங்கள் கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் எண்பது வயசு மதாம் ஒருவர் இருக்கிறார். தென்மேற்கே பெயார்ன் சீமையிலிருந்து வந்தவர். லிஃப்டில் பார்த்தபோது விஷயம் கேட்டார், சொன்னேன். மறுநாள் பகல் ஒரு கனத்த இரும்புப் பானையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே பஞ்சு மாதிரி வெந்த கோழி, கேரட், அந்தக் கோழிச் சாற்றிலேயே வெந்த சாதம், மேலே வெண்ணெய் நிறத்தில் ஒரு கெட்டியான சாறு.

அத்தை எட்டிப் பார்த்தார். "என்னாம்மா இது, மாவைக் கரைச்சு ஊத்தின மாதிரி? மஞ்சள்கூடப் போடலியா? கவிச்சி அடிக்காது?" மதாமுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. ஆனாலும் அத்தை நாலு ஸ்பூன் சாப்பிட்டார். எரியவில்லை! "ருசி தெரியல. ஆனா எறங்குது" என்றார். அந்த 'எறங்குது' எனக்கு அன்றைக்குப் பெரிய வரம்.

மதாம் செய்தது 'பூல் ஓ ரி', அதாவது சாதத்தோடு கோழி. 'பூல் ஓ போ' என்ற பானைக்கோழிக்கு இது தங்கை. நாலாம் ஹென்றி என்ற ராஜா 1553இல் பெயார்னில் உள்ள போ நகரத்தில் பிறந்தவர். என் நாட்டில் ஒவ்வொரு குடியானவன் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை பானையில் ஒரு கோழி வேக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதாக ஒரு கதை வழங்குகிறது. சொன்னாரோ இல்லையோ, பெயார்ன்காரர்களுக்கு இதில் ஒரே பெருமை. மதாம் அந்த ராஜாவைத் தன் பெரியப்பா மாதிரி பேசுவார்!

இந்தப் பண்டங்களின் பிறப்பைப் பாருங்கள். பிரெஞ்சு சமையல் என்றதும் உயரத் தொப்பி வைத்த சமையல்காரர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் கோழியை வைத்து அவர்கள் செய்கிற பழைய பண்டங்களில் பாதி, முட்டை போட்டு ஓய்ந்த கோழியையும் கிழட்டுச் சேவலையும் எப்படி மெத்தென்று ஆக்குவது என்று குடியானவன் வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்தவை. நம் பாட்டிகள் கிழட்டுக் கோழியைச் சாறு வைத்தார்களே, அதே புத்திதான்.

மதாம் சொல்லிக்கொடுத்த கணக்கு இது. சுமார் 2 கிலோ முட்டைக்கோழி ஒன்று, முழுசாக. மூழ்குகிற அளவு பச்சைத் தண்ணீர், ஏறக்குறைய 3 லிட்டர். கொதி வருவதற்கு முன்னால் மேலே சாம்பல் நிறத்தில் நுரை கட்டும். அதைக் கரண்டியால் பொறுமையாக எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கவிச்சி என்று நாம் பயப்படுவதெல்லாம் அந்த நுரையோடு போய்விடும். பிறகு நாலு கேரட், இரண்டு டர்னிப், வெங்காயத்தாளைப் பத்து மடங்கு தடியாக்கினாற்போல் இருக்கும் புவாரோ இரண்டு, முழு வெங்காயம் ஒன்றில் மூன்று கிராம்பைக் குத்தி அது, கொஞ்சம் உப்பு. தைம் தழை, பார்ஸ்லிக் காம்பு, லோரியே இலை மூன்றையும் நூலால் ஒரு சிறு கட்டாகக் கட்டிப் போடுவார்கள். லோரியே நம் பிரிஞ்சி இலைக்கு ஒன்றுவிட்ட சகோதரி; வாசனையில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு.

இனிமேல்தான் எனக்குக் கஷ்டமான பாடம். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரம் விட்டுவிட வேண்டும். "தண்ணீர் சிரிக்க வேண்டும், குதிக்கக் கூடாது" என்பார் மதாம். ஓரத்தில் ஒரு குமிழி, நடுவில் ஒரு குமிழி, அவ்வளவுதான். குதித்தால் கறி நாராகிவிடும், சாறும் கலங்கிவிடும். நாமோ குக்கரில் நாலு விசில் வைத்து இறக்கிப் பழகியவர்கள். மதாம் குக்கருக்கு எதிரி இல்லை. முழு முட்டைக்கோழிக்கு அதில் முக்கால் மணி நேரம் சின்னத் தீ போதும் என்று அவரே சொன்னார். இங்கே குக்கருக்குப் பெயர் 'கொக்கோத் மினுத்'. 'கொக்கோத்' என்றால் இந்தக் கனத்த பானை. குழந்தைகள் கோழியைக் கூப்பிடுவதும் அதே 'கொக்கோத்'தான்.

வெள்ளைச் சாறு செய்வது பத்து நிமிஷ வேலை. 40 கிராம் வெண்ணெயை உருக்கி 40 கிராம் மைதாவைப் போட்டு நிறம் மாறாமல் கிளற வேண்டும். பிறகு அரை லிட்டர் கோழிச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கிப் பத்து நிமிஷம் கொதிக்கவிட வேண்டும். இரண்டு முட்டைக் கருவை அரை டம்ளர் க்ரீமில் அடித்து, அதில் முதலில் ஒரு கரண்டி சூடான சாற்றை விட்டுக் கலந்து, அப்புறம்தான் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு கொதிக்கவே கூடாது. கரண்டியின் முதுகில் படிகிற பதம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். நேராகக் கொட்டினால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும்! கடைசியில் எலுமிச்சை பிழிவது வழக்கம். அத்தைக்குப் பிழியாமல் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மற்றவர்களுக்குப் பிழிந்து மிளகுத்தூளும் தூவிவிடுவேன். இதே சாற்றில் காளானோடு கோழித் துண்டுகளைப் போட்டால் அது 'பிளாங்கெத்'. கன்றுக்குட்டிக் கறியில் செய்வதுதான் அதன் பழைய முறை. கோழியிலும் வீட்டுக்கு வீடு செய்கிறார்கள்.

சாதத்தை அந்தச் சாற்றிலேயே குழைய வேகவைப்பேன். கோழியைத் தோல், எலும்பு நீக்கி விரலால் நசுக்கிப் பார்த்துப் பார்த்துக் கலப்பேன். சின்னக் கிண்ணத்தில் ஆறு வேளை. காலண்டரில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடையை எழுதி வைத்தேன். 49, அடுத்த வாரம் 48, அதற்கடுத்த வாரமும் 48. மறுவாரம் 48 தாண்டி முள் அரைக் கோடு நகர்ந்திருந்தது. என் கணவர் எடைக்கருவியைத் தரையில் வேறு இடத்தில் வைத்து மறுபடி நிறுத்துப் பார்த்தார்! குழாய் வைக்க வேண்டிய அவசியம் வரவில்லை. கோழியா நோயைக் குணப்படுத்தியது? மருந்து செய்ய வேண்டியதை மருந்து செய்தது. உடம்பு அதைத் தாங்க வேண்டுமே, அதற்குத்தான் இது.

சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து, தொண்டைப் புண் ஆறின பிறகு, பூண்டுக் கோழிக்குப் போனேன். தெற்கே புரோவான்ஸ் பக்கத்துப் பண்டம் இது. ஒன்றரைக் கிலோ கோழிக்கு 40 பல் பூண்டு! பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு வேகவைத்துக் கொடுக்கிற நமக்கே மலைப்பாக இருக்கிறதல்லவா? பூண்டை உரிக்காமல் தோலோடு, ஒரு சின்ன டம்ளர் ஆலிவ் எண்ணெயோடு, தைம் தழையோடு கோழியைச் சுற்றிப் போட வேண்டும். கொக்கோத்தை மூடி, விளிம்பில் தண்ணீர் விட்டுப் பிசைந்த மாவைத் திரியாக உருட்டி ஒட்டிவிடுவார்கள். நம் தம் பிரியாணிக்குச் செய்வது போலவேதான். 180 டிகிரி அவனில் ஒன்றரை மணி நேரம். மாவை உடைத்துத் திறந்தால் வீடே மணக்கும். அந்த நேரத்தில் பூண்டு காரமெல்லாம் இழந்து, தோலைப் பிதுக்கினால் தித்திப்பான விழுதாக வெளியே வரும். இவர்கள் அதை ரொட்டியில் தடவுகிறார்கள். அத்தை சாதத்தில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "பூண்டுன்னு தெரியுதும்மா" என்றார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவர் நாக்கு கண்டுபிடித்த முதல் ருசி அது. நான் குசினிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

இதற்குள் வீட்டில் மற்றவர்கள் வெள்ளைச் சாப்பாட்டில் களைத்துப் போயிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் வெள்ளைக் கோழி தவிர, பொன்னிறக் கோழியும் உண்டு. நீர் வைத்து அவிப்பதற்கு முன்னால் துண்டுகளைத் துடைத்து, ஈரமில்லாமல், நல்ல சூட்டில் வெண்ணெயிலோ எண்ணெயிலோ சிவக்கச் சிவக்கப் புரட்டுவார்கள். சூட்டில் கறியின் புரதமும் சர்க்கரைச் சத்தும் சேர்ந்துதான் அந்த நிறமும் மணமும் வருகின்றன. 1912இல் இதை விளக்கிச் சொன்னவரும் மாயார் என்ற ஒரு பிரெஞ்சுக்காரர்தான். நாம் அரைத்துச் சேர்க்கிற மசாலா செய்யும் வேலையில் பாதியை இந்தச் சிவத்தல் செய்துவிடுகிறது. பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொள்ளுமே, நாம் 'அடிப்பிடித்துவிட்டது' என்று பதறிப் போய்த் தேய்த்துக் கழுவுவோமே, அதில் கொஞ்சம் சாறு விட்டு மரக் கரண்டியால் சுரண்டிக் கரைத்தால் அதுதான் குழம்புக்கு உயிர். கறுத்திருந்தால் மட்டும் கசக்கும், கொட்டிவிட வேண்டியதுதான்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது பாஸ்க் சீமைக் கோழி. வெங்காயம், குடமிளகாய், தக்காளி, பூண்டு, இவற்றோடு எஸ்பெலெத் என்ற ஊரின் மிளகாய்த்தூள். பிரான்சிலும் மிளகாய்க்குப் பேர்போன ஊர் ஒன்று உண்டு பாருங்கள்! அங்கே இலையுதிர் காலத்தில் வீட்டுச் சுவர்களில் மிளகாய்ச் சரம் சரமாகக் காயப் போட்டிருப்பார்கள். 2000இல் அந்த மிளகாய்க்கு அரசாங்கமே ஊர்ப்பெயர் காப்பு கொடுத்திருக்கிறது. உறைப்பு அதிகம் இராது, மணம்தான். நம் ஊரில் செய்தால் காஷ்மீர் மிளகாய்த்தூள் அரை ஸ்பூன் போதும். சோற்றுக்கு இது வெகு பொருத்தம்.

ஒயின் கோழியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கேட்பீர்கள். கிழட்டுச் சேவலை ஒரு ராத்திரி முழுக்கச் சிவப்பு ஒயினில் ஊறவைத்து இரண்டு மூன்று மணி நேரம் வேகவைப்பது 'கோக் ஓ வேன்'. பன்றிக் கொழுப்புத் துண்டு, காளான், சின்ன வெங்காயம் எல்லாம் சேரும். என் கணவர் பிறந்த நாளுக்கு ஒரு தடவை செய்தேன். குசினியில் பாட்டிலைப் பார்த்ததும் அத்தை, "நல்ல குடும்பத்துல இதெல்லாம் அடுப்புல ஏத்துவாங்களா?" என்று கேட்டுவிட்டு அன்று முழுவதும் அந்தப் பக்கமே வரவில்லை. மதுவெல்லாம் கொதியில் பறந்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள். முழுக்க உண்மையில்லை. அமெரிக்க விவசாய இலாகாவின் கணக்குப்படி, கால் மணி நேரம் கொதித்தால் 40 சதவிகிதம் மிஞ்சும், ஒரு மணி நேரத்தில் 25, இரண்டரை மணி நேரத்தில்தான் 5 சதவிகிதத்துக்கு இறங்கும். அதனால் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இதை நான் வைக்க மாட்டேன். வாய்ப்புண் உள்ளவர்களுக்கு அறவே ஆகாது. இது இல்லாமலும் ருசியான பிரெஞ்சுக் கோழி எத்தனையோ இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே எந்தத் தெருவில் நடந்தாலும் முழுக்கோழி வாட்டும் வாசனைதான். ஒன்றரைக் கிலோ கோழிக்கு உப்பு, வெண்ணெய் தடவி, வயிற்றுக்குள் தைமும் ஒரு பூண்டும் வைத்து, 200 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம். முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், கடைசியில் மல்லாக்க. தொடை வேக நேரம் எடுக்கும், நெஞ்சு சீக்கிரம் உலரும், அதற்காகத்தான் இந்தப் புரட்டல். வெந்ததும் வெட்டாமல் பத்து நிமிஷம் மூடி வைத்தால் சாறு கறியிலேயே தங்கும். அவன் இல்லாதவர்கள் கனத்த அடிப் பாத்திரத்தில் வெண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்க வைத்து, மூடி, சின்னத் தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவ்வப்போது திருப்பிவிட்டு வேகவிடலாம். அதுவும் இங்கே வீட்டுப் பழக்கம்தான்.

கோழியை வாங்குவதில் மதாம் ரொம்பக் கறார். இங்கே 'லாபெல் ரூஜ்' என்ற சிவப்பு முத்திரை உள்ள கோழி குறைந்தது 81 நாள் வளர்ந்திருக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பது அதில் பாதி வயசுகூட இராது. நீல நிறக் கால், வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டையோடு பிரெஞ்சுக் கொடியை உடுத்திக்கொண்டதுபோல் இருக்கும் பிரெஸ் கோழிக்கு 1957லேயே சட்டம் போட்டுக் காப்பு கொடுத்திருக்கிறார்கள். விலை கேட்டால் மயக்கம் வரும்; நான் கண்ணால் பார்த்ததோடு சரி. நம் ஊரில் மூன்று மணி நேரச் சமையலுக்கு முட்டைக்கோழியோ நாட்டுக்கோழியோதான் சரி. பிராய்லர் கரைந்து போகும், அதற்கு முக்கால் மணி நேரமே அதிகம்.

ஒரு விஷயத்தில் மதாமோடு எனக்குச் சண்டையே வந்தது. கோழியை நான் மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவுவதைப் பார்த்து அலறிவிட்டார். பச்சைக் கோழியில் காம்பிலோபாக்டர் என்ற கிருமி இருக்கலாம், குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் துளி பக்கத்துப் பாத்திரம், பச்சைக் காய்கறி எல்லாவற்றிலும் போய் உட்காரும், கிருமியைக் கொல்வது வேகும் சூடுதான் என்று ஆஸ்பத்திரிப் பெண்ணும் அதையே சொன்னாள். நோயாளியும் குழந்தையும் உள்ள வீட்டில் வம்பு வேண்டாமென்று இங்கே பாக்கெட்டில் வரும் கோழியைக் கழுவுவதை நிறுத்திவிட்டேன், காகிதத்தால் ஒற்றி எடுக்கிறேன். ஊரில் சந்தையில் வாங்குவதற்கு இறகும் ரத்தமும் ஒட்டியிருக்கும், கழுவாமல் எப்படி? பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசிவிட்டு, தொட்டியையும் கையையும் பலகையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். தொடையின் உள்பக்கம் குத்திப் பார்த்தால் வரும் நீர் தெளிவாக இருக்க வேண்டும், சிவப்பு கலந்திருக்கக் கூடாது. நான் கறிக்குள் குத்துகிற வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டேன். 74 டிகிரி காட்டினால் இறக்கலாம்.

அத்தை இப்போது எண்பதைத் தொடுகிறார். எடை 54. எச்சில் முன்போல் ஊறவில்லை, அதனால் எதற்கும் சாறு வேண்டும். மிளகாய் இன்றைக்கும் ஆகாது. மிளகு ஒரு சிட்டிகை மட்டும். மதாமும் அத்தையும் வியாழக்கிழமைகளில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவருக்கு மற்றவர் பாஷை புரியாமலேயே இரண்டு மணி நேரம் பேசுவார்கள். வெள்ளைச் சாறு பரிமாறினால் அத்தை இன்னமும் "மாவு கரைச்சது வந்திடுச்சா?" என்றுதான் கேட்பார். கேட்டுவிட்டு இரண்டாவது தடவையும் போட்டுக்கொள்வார்.

எலும்பை மட்டும் எறிந்துவிடாதீர்கள். மிஞ்சிய கூட்டையும் எலும்பையும் ஒரு வெங்காயம், ஒரு கேரட்டோடு ஒன்றரை மணி நேரம் சின்னத் தீயில் வைத்து வடிகட்டினால், மறுநாளைக்கு ஒரு லிட்டர் சாறு ஆயிற்று. ஆறினதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் மேலே கொழுப்பு வெள்ளைத் தட்டாக உறைந்திருக்கும். நோயில் இளைத்தவர்களுக்கு அதோடு சேர்த்தே சுடவையுங்கள். நம்மைப் போல் இடுப்பு பெருத்தவர்களுக்கு, தட்டாக எடுத்துவிட்டு.